ஓமேரின் கட்டைவிரல்

ஓமேர் வெர்ஸ்டிகெலின் வலது கைக் கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டர் சிலை உண்டு. பெல்ஜியத்தில் ஸ்லைக்ஹூக் ஊரில் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில், ஜெனீவர் சாராயப் புட்டிகளுக்கு நடுவே அது நிமிர்ந்து நிற்கிறது. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றத்தார் செய்து கொடுத்தது. நகம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்பதைத் தவிர ஓமேருக்கு அதில் குறை எதுவும் இல்லை.

உறைந்த காய்கறித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அந்த முப்பத்தெட்டு வருஷத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தொண்ணூற்று நான்காம் வருஷத்து மாகாண சைக்கிள் பந்தயத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டவர்கள் கிடையாது. அன்று குளிர் மைனஸ் ஒன்பது. எல்லோருடைய காற்று மீட்டரும் உறைந்துபோய் முள் நகரவில்லை. ஓமேர் மட்டும் கையுறையைக் கழற்றி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இது போதும் என்று சொல்லி மச்சான் ரோலாண்டை அனுப்பிவைத்தார். ரோலாண்ட் ஜெயித்தான். அதற்குப் பிறகு ஓமேர் மீட்டரைத் தொட்டதே இல்லை.

சேற்றிலும் மணலிலும் சைக்கிள் ஓட்டுகிற கிராஸ் பந்தயத்தில் காற்றுதான் பாதி ஜெயம். ஒரு இழை கூடினால் டயர் சேற்றைப் பிடிக்காமல் வழுக்கும். ஒரு இழை குறைந்தால் மர வேரில் இடித்துச் சக்கரத்து வளையம் நெளியும். ஆகவே ஒரு கட்டைவிரலுக்குச் சிலை வைத்தது பைத்தியக்காரத்தனம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற பக்கங்களில் சொல்லலாம்.

ரசிகர் மன்றம் யாருக்கு என்றால், ஓமேரின் மகன் பாவோவுக்கு. பாவோ பதினோரு வருஷம் ஓட்டினான். எண்பத்துநான்கு கிலோ எடை. அவன் எட்டிய உயரம் பதினான்காம் இடம், அதுவும் ஒரே ஒரு முறை, முன்னால் போன நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த அன்று. அதற்கே மன்றத்தில் அறுபது உறுப்பினர்கள், ஒரு வாடகைப் பேருந்து, நீலமும் மஞ்சளுமாகக் கழுத்துத் துண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு பாவோ போதும் என்று சொல்லி, வீடுகளுக்கு வெந்நீர்க் கொதிகலன் மாட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். அப்போது ஓமேர் தன் சைக்கிள் கொட்டகைக்குள் போனவர்தான். மூன்று மாதம் அங்கேயே இருந்தார். சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைச் சுத்தம் செய்தார். மனைவி கிலேன் வேண்டுமென்றே சூப்பில் உப்புப் போடாமல் கொடுத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். அன்றுதான் கிலேனுக்குப் பயம் வந்தது.

அவரைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்தவள் மருமகள் யோரீன், பாவோவின் மனைவி. பிசியோதெரபி நிலையத்தில் வேலை. உள்ளூர்ப் பந்தயம் ஒன்றில் விளையாட்டுக்கு ஓட்டப்போனவள் இரண்டாவதாக வந்துவிட்டாள். மறுநாள் கொட்டகை வாசலில் சைக்கிளோடு நின்று, "மாமா, இத கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றாள். ஓமேர் பார்த்தார். மன்றத்தார் கழுத்துத் துண்டில் பாவோ பெயரைப் பிரித்துவிட்டு யோரீன் பெயரைத் தைத்தார்கள். எழுத்துகள் கூடிவிட்டதால் கடைசி எழுத்து விளிம்புக்கு வெளியே தொங்கியது.

ஓமேருக்குப் பெண்கள் பந்தயம் புதிது. புதிது என்றால், முப்பது வருஷம் அதற்கு ஐம்பது அடி தள்ளி நின்றிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்கள் காலை பதினோரு மணிக்கு ஓட்டுவார்கள். பார்ப்பதற்கு நடுவர்கள் இருப்பார்கள், நடுவர்களின் நாய்கள் இருக்கும். ஜெயித்தவளுக்கு ஒரு கூடை பழம். ஓமேர் அந்த நேரத்தில் வெங்காயம் வதக்கிப்போட்ட சாசேஜ் ரொட்டி சாப்பிடுவார். இப்போது பெண்கள் மதியத்துக்கு மேல், தொலைக்காட்சியில் நேரலையாக ஓட்டுகிறார்கள். ஆண்களுக்கு என்ன பரிசோ அதே பரிசு. ஆண்கள் பந்தயமோ கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பந்தயம். அதற்குப் பிறகு சாலைப் பந்தயத்து மகாராஜாக்கள் இரண்டு பேர் ஸ்பெயின் வெயிலிலிருந்து பேருந்து மாதிரி வண்டிகளில் வந்து இறங்குவார்கள். முதல் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். மீதி ஒரு மணி நேரம் ஜனங்கள் மூன்றாவது யார் என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பீர் வாங்கப் போவார்கள். பெண்கள் பந்தயத்தில் முன்னால் நான்கைந்து ஹாலந்துக்காரிகள் போவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நான்கைந்து பேரில் யார் என்று கடைசி வளைவு வரைக்கும் அவர்களுக்கே தெரியாது. ஓமேர் சாசேஜ் சாப்பிடும் நேரத்தை ஆண்கள் பந்தயத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மற்ற எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கட்டைவிரலைக் குறிப்பாக.

அவருடைய கட்டைவிரல் ரோலாண்டுக்குப் பழகியது, பிறகு பதினோரு வருஷம் பாவோவுக்குப் பழகியது. எண்பது கிலோ ஆளைத் தாங்குகிற டயர் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு மனப்பாடம். யோரீன் ஐம்பத்துநான்கு கிலோ. அவளுக்கு அந்தக் காற்று கல். முதல் பந்தயத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். கொட்டகையில் மாமா விசிலடித்துக்கொண்டு வேலை செய்வது கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆரம்பக் கோட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது கையுறையைக் கழற்றி, குனிந்து, வால்வை அழுத்தி முன்னும் பின்னும் காற்றை இறக்கிவிடுவாள். ஓமேர் அப்போது மைதானத்தின் மறுகோடியில், மாற்றுமிடத்தில், இரண்டாவது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சேறு அப்பிய சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கழுவிய சைக்கிளை வாங்கிக்கொண்டு போகிற இடம் அது. ஒரு சுற்றில் இரண்டு தடவை அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். யோரீன் முடிந்தவரை சைக்கிள் மாற்ற மாட்டாள், ஏனென்றால் அங்கே காத்திருப்பது கல்.

இது ஓமேரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஓமேருக்குத் தெரிந்ததெல்லாம், மருமகள் பிடிவாதக்காரி, கூப்பிட்டாலும் சைக்கிள் மாற்ற வர மாட்டாள் என்பதும், அவள் சைக்கிளின் டயர்கள் பந்தயம் முடிந்து பார்த்தால் எப்போதும் தளர்ந்திருக்கின்றன என்பதும்தான். கசிவு என்று முடிவு செய்தார். இந்த ஒரு பருவத்தில் மட்டும் பதினோரு டயர்களைக் கிழித்தெடுத்துப் பசை தடவிப் புதிதாக ஒட்டினார். டயர் தயாரிப்பாளருக்குக் காட்டமாக மூன்று கடிதம் எழுதினார். அவர்கள் ஒரு தொப்பி அனுப்பினார்கள். பாவோ ஒருமுறை திருட்டுத்தனமாக இரண்டாவது சைக்கிளில் காற்றை இறக்கிவைத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கிற மனிதர், உடனே கண்டுபிடித்து, பன்னிரண்டாவது டயரையும் கிழித்தார்.

இப்படியே ஓட்டி யோரீன் பதினொன்றாவது, பன்னிரண்டாவது என்று வந்துகொண்டிருந்தாள். அந்த ஜனவரியில் உலகப் போட்டிக்கான பெல்ஜிய அணியில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. தேர்வாளர் யோரீனைக் கூப்பிட்டு, ஸ்லைக்ஹூக் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வந்தால் அந்த இடம் அவளுக்கு என்று சொல்லிவிட்டார். அவளுக்கு முப்பத்தொரு வயது. இந்தத் தடவை இல்லையென்றால் இத்தோடு நிறுத்திவிடுவதாக வீட்டில் சொன்னாள். ஓமேர் எழுந்து கொட்டகைக்குப் போய், நான்கு டயர்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

பந்தயம் சொந்த ஊரில், ஓமேரின் சித்தப்பா மகனுடைய பீட்ரூட் வயலில். முந்தின மூன்று நாளும் மழை. வயல் களியாகிக் கிடந்தது. அரைச் சுற்றுக்கு ஒரு தடவை சைக்கிள் மாற்றாமல் அன்று யாரும் ஓட்ட முடியாது. காலையில் கிலேன் மருமகளைத் தனியாக அழைத்து, இன்றைக்காவது சொல்லிவிடு என்றாள். பந்தயம் முடிந்ததும் சொல்கிறேன் என்றாள் யோரீன். மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாற்றுமிடத்தில் ஓமேருக்குப் பக்கத்து இடம் கெர்பென் என்ற ஹாலந்துக்காரனுடையது. முன்னால் போகிற பெண்களில் ஒருத்தியின் மெக்கானிக். வீட்டிலிருந்தே ரொட்டி கட்டிக்கொண்டு வந்து, பந்தயத்தன்று மைதானத்தில் கிலேன் போடுகிற சூப்புக் கடையில் கால் காசு செலவழிக்காதவன். கழுத்தில் மருத்துவரைப் போல ஒரு மீட்டரைத் தொங்கவிட்டிருப்பான். ஓமேர் ஒவ்வொரு வருஷமும் அவனைப் பார்த்து, நோயாளி பிழைப்பாரா டாக்டர் என்று கேட்பார். அன்றும் கேட்டார். கெர்பென் ஒவ்வொரு வருஷமும் போலப் புன்னகைத்தான்.

முதல் சுற்றில் யோரீன் ஒன்பதாவதாக வந்தாள். மன்றத்தார் மணி அடித்தார்கள். சைக்கிளில் இரண்டு கிலோ சேறு. சங்கிலியே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதை ஓமேரின் கையில் விட்டுவிட்டு இரண்டாவதை வாங்கிக்கொண்டு போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் சரிவு. அதில் டயர் பிடிக்கவில்லை. விழுந்தாள். ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது, பதினான்காவது என்றார்கள்.

ஓமேர் முதல் சைக்கிளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். கழுவிவிட்டு அழுத்திப் பார்த்தார். தளர்ந்திருந்தது. தயாரிப்பாளர்களை வாய்க்குள் திட்டிக்கொண்டே பம்பை எடுத்து, கட்டைவிரல் போதும் என்று சொல்லும்வரை அடித்தார். ஆக, அரைச் சுற்று கழித்து யோரீன் ஆசையோடு வந்து வாங்கிய அவளுடைய சொந்தச் சைக்கிளும் கல்லாகியிருந்தது. முதல் வளைவிலேயே அவளுக்குத் தெரிந்தது. பதினேழாவது.

அடுத்த தடவை மாற்றுமிடத்துக்குள் வந்தவள் இரண்டாவது சைக்கிளை வாங்கினாள். வாங்கிக்கொண்டு ஓடவில்லை. நின்றாள். மாற்றுமிடத்தில் யாரும் நிற்பதில்லை, அது தேவாலயத்தில் விசிலடிப்பது மாதிரி. சுற்றிலும் மெக்கானிக்குகள் திரும்பிப் பார்த்தார்கள். யோரீன் பல்லால் கையுறையைக் கழற்றி, குனிந்து, முன் சக்கரத்து வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று சத்தம். பிறகு பின் சக்கரம். ஓமேர் முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மாமா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "உங்க விரல் பாவோ எடைக்குப் பழகினது. நான் அம்பத்திநாலு கிலோ."

போய்விட்டாள்.

ஓமேர் கையில் சேற்றுச் சைக்கிளோடு நின்றார். பதினோரு டயர், பன்னிரண்டாவது டயர், மூன்று கடிதம், தொப்பி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் புரிந்தது. முகம் சுட்டது. மைனஸ் ஒன்பதில்கூடச் சிவக்காத முகம். அவள் திரும்பி வர மூன்றரை நிமிஷம் இருந்தது. சைக்கிளைக் கழுவினார். வால்வைத் திறந்து காற்றை இறக்கினார். எதுவரை இறக்குவது என்று கட்டைவிரலைக் கேட்டார். கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.

அவர் கெர்பென் பக்கம் திரும்பினார். "அந்த மீட்டர கொஞ்சம் குடு."

கெர்பென் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

"அம்பத்திநாலு கிலோவுக்கு, இந்தச் சேத்துல, எவ்வளவு வைப்ப?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு. நீங்க எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

ஓமேர் இன்னும் காற்று இறக்காத பின் சக்கரத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்று புள்ளி ஆறு. கெர்பெனும் எட்டிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓமேருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

யோரீன் வந்தாள். நீட்டிய சைக்கிளை வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணு புள்ளி ஒண்ணு," என்றார் ஓமேர். வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் ஓட்டியதை ஸ்லைக்ஹூக்கில் இன்னும் பேசுகிறார்கள். விழுந்த சரிவில் மூன்று பேரைத் தாண்டினாள். மணல் பள்ளத்தில் இரண்டு பேர் இறங்கி ஓடிக்கொண்டிருக்க, இவள் உட்கார்ந்தபடியே கடந்தாள். அரைச் சுற்றுக்கு ஒரு தடவை வந்து மாற்றிக்கொண்டு போனாள். ஓமேர் ஒவ்வொரு தடவையும் கழுவி, மீட்டர் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். கெர்பென் மீட்டரைத் திருப்பிக் கேட்கவில்லை. பதினைந்து, பதின்மூன்று, பதினொன்று. கடைசி நேர்கோட்டில் பத்தாவது பெண்ணின் முதுகு கண்ணெதிரே இருந்தது. கோட்டைத் தாண்டும்போதும் அப்படியேதான் இருந்தது. பதினொன்றாவது. நான்கு செகண்டு வித்தியாசம்.

வீட்டுக்குப் போகும் வண்டியில் பாவோ ஓட்ட, ஓமேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் கிலேனும் யோரீனும், காலி சூப்புப் பாத்திரமும்.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றார் ஓமேர்.

"எல்லாருக்கும்பா," என்றான் பாவோ.

"மன்றத்துக்கு?"

"மன்றத்துக்கும்."

"பாதிரியாருக்கு?"

"அவருக்குத் தெரியாம இருக்கும்," என்று பாவோ இழுத்தான்.

"அவருக்கும் தெரியும் மாமா," என்றாள் யோரீன். "ஒரு தடவ ஸ்டார்ட்ல என் கையுறைய அவர்தான் பிடிச்சுட்டிருந்தார்."

ஓமேர் தலையாட்டினார். கொஞ்சதூரம் போனதும், "நீ அங்க நின்னது ஏழு செகண்டு. நான் எண்ணினேன். நாலு செகண்டுல போச்சு," என்றார்.

"நான் மூணு வருஷம் முந்தியே சொல்லியிருக்கணும்," என்றாள் யோரீன். "உங்கள மறுபடி அந்தக் கொட்டகைக்குள்ள அனுப்ப மனசு வரல. அதான் சொல்லல. தப்புதான்."

கிலேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓமேருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் யாரையாவது திட்டி முடித்திருப்பார். ஊரே சேர்ந்து தன்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது, அதற்கான விலையை இந்தப் பெண் ஒருத்தியே கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு அணிப் பட்டியல் வந்தது. யோரீன் பெயர் இல்லை. அவள் பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டு, நிலையத்துக்குப் போய் ஏழு மணி நோயாளியின் முழங்காலைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உலகப் போட்டிக்கு முந்தைய கடைசிப் பந்தயம். யோரீன் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்ததால் ஓட்டப் போனாள். ஆரம்பக் கோட்டில் நின்று கையுறையைக் கழற்றப்போனவள், வயலின் மறுகோடியிலிருந்து ரப்பர் பூட்ஸோடு ஒருவர் சேற்றை உழுதுகொண்டு வருவதைப் பார்த்தாள். ஓமேர். முப்பது வருஷத்தில் அவர் ஆரம்பக் கோட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கழுத்தில் புதிய மீட்டர் தொங்கியது. நாற்பது பெண்களும் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"எவ்வளவு வேணும்?" என்றார்.

யோரீன் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். "இன்னிக்கு மண்ணு கொஞ்சம் இறுகியிருக்கு மாமா. ஒண்ணு புள்ளி ரெண்டு வெச்சிடுங்க."

வைத்தார். பின் சக்கரத்துக்கும் வைத்தார். பிறகு இரண்டாவது சைக்கிளைத் தனியாக விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, வந்த வழியே ஓடினார்.

யோரீன் அன்று எட்டாவதாக வந்தாள். அவள் வாழ்க்கையில் அதுவே மிக நல்ல ஓட்டம்.

பந்தயம் முடிந்து சைக்கிள் கழுவுகிற இடத்துக்குத் தேர்வாளர் வந்தார். நல்ல மனிதர், கையில் காபி. "இப்பிடி போன வாரம் ஓட்டியிருக்கக் கூடாதா?" என்று யோரீனைக் கேட்டார். போன வாரம் சேறு அதிகம் என்று யோரீன் ஆரம்பித்தாள். அதற்குள் ஓமேர் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார்.

"சேறு இல்ல சார்," என்றார். மன்றத்தார் பத்துப் பதினைந்து பேர் கழுத்துத் துண்டோடு சுற்றி நின்றார்கள். "போன வாரம் காத்து அடிச்சது நான். அவளுக்கு எவ்வளவு வேணும்னு நான் கேக்கல. மூணு வருஷமா கேக்கல."

தேர்வாளர் காபியைப் பார்த்தார். பட்டியல் முடிந்துவிட்டதே என்றார். தெரியும் என்றார் ஓமேர். தேர்வாளர் போனதும் ஓமேர் குழாயைத் திறந்து, மறுபடி கழுவத் தொடங்கினார்.

யோரீன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைகீழாக்கித் தண்ணீரை ஊற்றினாள். அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டம் அது. எல்லோரும் அவளுடைய கடைசி ஓட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஓமேர் உட்பட. அவள் சேற்று முகத்தைக் கையால் வழித்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"மாமா, அடுத்த பருவத்துக்கு மார்ச்சுலயே டயர் ஒட்டுவீங்கல்ல?"

 ஓமேர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். கட்டைவிரல் வழக்கப்படி டயர்மேல் போய் உட்கார்ந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

"எத்தன ஜோடி வேணும்?" என்று கேட்டார்.